இல்லம் பேணுவோம்: நெருப்புக்கும் மூச்சு வேண்டும்



மார்கழி பிறந்துவிட்டது. ஊரில் இம்மாதம் என்றால் வாசற் கோலமும் பூசணிப் பூவும் நினைவுக்கு வரும். டில்லியில் குடியேறிய நமக்கோ முதலில் நினைவுக்கு வருவது வெந்நீர்தான். விடியற்காலையில் வெப்பம் 4 அல்லது 5 டிகிரிக்கு இறங்கிவிடும் இந்நகரத்தில் குழாயைத் திறந்து கை வைத்தால் விரல் மரத்துப் போகிறது. ஆகவே இம்மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் வெந்நீரைப் பற்றியவையே மிகுதியாக இருந்ததில் வியப்பில்லை.

அவற்றுள் ஒன்று, யமுனைக்கு அப்பால் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு சகோதரி எழுதியது. "வீட்டின் மின்கம்பிகள் பழையவை. மின்சார கீசரைப் போட்டால் மெயின் விழுந்துவிடுகிறது. காலை ஏழரை மணிக்குள் ஐந்து பேர் குளித்தாக வேண்டும். ஆகையால் கேஸ் கீசர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறோம். குளியலறையிலேயே மாட்டுவதற்கு இடமும் இருக்கிறது. எந்த மாதிரி வாங்குவது நல்லது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று கேட்டிருக்கிறார்.

எந்த மாதிரி நல்லது என்பதைப் பின்னர்ச் சொல்லுவோம். 'குளியலறையிலேயே மாட்டுவதற்கு இடமும் இருக்கிறது' என்ற வரியைப் படித்ததும் எங்களுக்கு ஒருகணம் நெஞ்சு திக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்வதில் எங்களுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எனினும் சொல்லாமல் இருப்பது குற்றமாகும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் குளியலறைச் சுவரில்தான் கேஸ் கீசரை மாட்டினோம். மாட்ட வந்த ஆள், "புகைக்குழாய் வைக்க வேண்டுமா? அதற்குச் சுவரில் துளை இட வேண்டும், கூலி தனி" என்று கேட்டான். வாடகை வீட்டின் சுவரை உடைப்பானேன், வீட்டுக்காரரிடம் பேச்சுக் கேட்பானேன் என்று எண்ணி, "வேண்டாம் அப்பா, அடுப்பு எரிகிற சமையலறையில் குழாயா இருக்கிறது?" என்று நாங்களே சொன்னோம். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, அரைமணி நேரத்தில் வேலையை முடித்துப் போய்விட்டான். பிழை அவனுடையது மட்டும் அன்று. பாதிக்கு மேல் எங்களுடையதே.

முதற் குளிர்காலம் ஒரு குறையுமின்றிக் கழிந்தது. இரண்டாம் ஆண்டுத் தை மாதப் பிறப்புக்குச் சில நாட்கள் முன்பு, பதினொரு வயதுப் பேத்தி குளித்துவிட்டு வந்து, "பாட்டி, தலை வலிக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள், "இன்றைக்குக் குளிக்காமல் போகட்டுமா?" என்று கேட்டாள். குளிருக்குப் பயந்து குழந்தை சொல்லும் சாக்கு என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். "பத்து மணி வரை வெந்நீர் வருகிற வீட்டில் பிறந்துவிட்டு இந்தப் பேச்சா!" என்று கேலியும் செய்தோம்.

பொங்கலன்று எல்லோரும் தலைக்குக் குளித்தாக வேண்டும் அல்லவா? ஒருவர் பின் ஒருவராக மூவர் குளித்து வந்தனர். நான்காவதாகப் பேத்தி போனாள். குளிருக்காகச் சாளரத்தில் துணியை அடைத்திருந்தோம். பால் பொங்கும் சமயத்தில், "அம்மா, சீக்கிரம் வா, பொங்கப் போகிறது" என்று அவளைக் கூப்பிட்டோம். பதில் இல்லை. தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மகன் தோளால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தான். குழந்தை ஈரத் தரையில் விழுந்து கிடந்தாள். மேலே கீசரின் சுடர், நீலமாக இராமல், மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

வெளியே கொணர்ந்து பால்கனியில் கிடத்தினோம். சற்றைக்கெல்லாம் கண் திறந்தாள். பித்த மயக்கம் என்றோம். வெறும் வயிறு என்றோம். 2020-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்க் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தோம். அது 98 என்று காட்டியது. அதைக் கண்டு மனம் தேறி, இஞ்சிக் கஷாயம் போடச் சொன்னோம். அடுத்த வீட்டில் வசிக்கும் மலையாள நர்ஸ் அம்மையார் மட்டும் ஓடி வந்து குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், கஷாயம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள்" என்று அதட்டினார். அந்த அதட்டலுக்கு நாங்கள் இன்றளவும் கடமைப்பட்டிருக்கிறோம். மருத்துவமனையில் இளம் டாக்டர் கேட்ட முதற் கேள்வியே, "வீட்டில் கேஸ் கீசரா?" என்பதுதான். அன்று மாலை வரை குழந்தைக்கு முகமூடி வைத்துப் பிராணவாயு கொடுத்தார்கள். பிழைத்தாள். இப்பொழுது நன்றாகவே படிக்கிறாள். ஆயினும் அந்த ஆண்டுப் பொங்கற் பானையை யார் இறக்கி வைத்தார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

இனி, நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம்.

நெருப்பு எரிவதற்கு, நாம் மூச்சு விடுவதற்கு வேண்டிய அதே பிராணவாயு வேண்டும். காற்றில் அது நூற்றுக்கு 21 பங்கு இருக்கிறது. போதிய காற்று கிடைத்தால் வாயு முற்றிலும் எரிந்து கரியமில வாயுவும் நீராவியும் ஆகிறது. காற்றுக் குறைந்தால் எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு இந்த நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய பின் எளிதில் விடுவதில்லை. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், உடம்புக்குள் பிராணவாயு மட்டும் போய்ச் சேராது.

"கேஸ் என்றால் நாற்றம் வருமே, தெரிந்துவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். சிலிண்டரிலுள்ள வாயுவுக்கு இயற்கையில் அந்த நாற்றம் கிடையாது. கசிந்தால் தெரிவதற்காக மெர்காப்டன் என்னும் பொருளை அதில் கலந்திருக்கிறார்கள். வாயு எரியும்போது அந்தப் பொருளும் எரிந்துபோகிறது. ஆகவே கசிவு நாறும், நஞ்சு நாறாது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணியதே எங்கள் முதற் பிழை.

சமையலறை அடுப்போடு கீசரை ஒப்பிட்டது இரண்டாவது பிழை. நிமிஷத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ வாயுவை எரிக்கிறது. சமையலறை அடுப்பில் ஐந்து பர்னர்களை ஒருங்கே முழு வேகத்தில் எரிப்பதற்கு அது ஈடாகும். 1 கிலோ வாயு முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 460 கன அடிக் காற்று வேண்டும். 5 அடி அகலம், 7 அடி நீளம், 8 அடி உயரம் உள்ள குளியலறையில் இருப்பது 280 கன அடிக் காற்று. ஒருவர் 10 நிமிஷம் குளித்தால் கீசர் 75 கன அடிக்கு மேற்பட்ட காற்றை வாங்கிக்கொள்கிறது. அதாவது அறையில் உள்ளதில் நாலில் ஒரு பங்குக்கு மேல். சாளரம் அடைத்திருக்கும் அறையில் முதலில் குளிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாமவருக்குத் தலை கனக்கும். மூன்றாமவரும் நான்காமவரும் உள்ளே செல்கையில் சுடர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் கடைசியில் குளிப்பவர் யார்? வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போகும் பெண், அல்லது எழுப்ப எழுப்ப எழாத குழந்தை.

ஊரில் நம் முன்னோரும் நெருப்பு வைத்துத்தான் வெந்நீர் போட்டார்கள். கொல்லையிலே மூன்று கல் வைத்துத் தவலையை ஏற்றினார்கள். அல்லது நடுவே கரி எரியும் செப்புப் பாய்லரைத் தாழ்வாரத்தில் வைத்தார்கள். நெருப்பு எரிந்தது ஓரிடம், குளித்தது வேறோரிடம். கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்றுத் தாராளமாகப் போய் வந்தது. ஆகவே நெருப்பைக் கண்டு அஞ்சவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. இங்கேயோ குளிருக்கு அஞ்சிச் சாளரத்தை அடைத்து, கதவைத் தாழிட்டு, நெருப்பையும் உடன் வைத்துக்கொள்கிறோம். பழக்கம் ஊரிலிருந்து வந்தது. வீடு ஊரைப் போன்றதன்று. இதே காரணத்தினால்தான் இந்நகரில் மூடிய அறைக்குள் அங்கீட்டி என்னும் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமற் போன செய்தியைக் குளிர்காலந்தோறும் செய்தித்தாளில் காண்கிறோம்.

வறியவர் வீட்டில் மட்டுமே இது நேரும் என்று எண்ண வேண்டாம். பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1902-ஆம் ஆண்டு பாரிஸில் தம் படுக்கையறையிலேயே மாண்டது, கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்ததால். டென்னிஸ் வீரர் விட்டாஸ் கெருலைடிஸ் 1994-ஆம் ஆண்டு, 40-ஆம் வயதில், நியூயார்க்குக்கு அருகே நண்பர் வீட்டு விருந்தினர் விடுதியில் தூக்கத்திலேயே இறந்தார். நீச்சல் குளத்து நீரைச் சுடவைக்கும் வாயுக் கருவியின் புகை, வெளியேற வேண்டிய வழியில் வெளியேறாமல், அவர் உறங்கிய அறைக்குள் வந்துவிட்டது. ஆகவே கருவியின் விலை ஒருவரைக் காப்பதில்லை. பொருத்திய விதமே காக்கிறது.

சகோதரியின் கேள்விக்கு இப்பொழுது வருவோம்.

முதலாவது, இடம். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. வெளியே, காற்று உலவும் பால்கனிச் சுவரிலோ திறந்த முற்றத்திலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டு வரவேண்டும். நெருப்பு வெளியே, நீர் உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் நீளமானால் முதலில் சிறிது தண்ணீர் குளிர்ந்து வரும். அதை ஒரு வாளியில் பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம். பால்கனி என்று சொன்னோமே தவிர, இந்நகரில் பலர் செய்வதுபோல் கண்ணாடி வைத்து நாற்புறமும் அடைத்துவிட்ட பால்கனியைச் சொல்லவில்லை. அது அறையே ஆகும். படுக்கையறைச் சாளரத்துக்குக் கீழேயும் அருகேயும் மாட்டலாகாது. மழையும் பலத்த காற்றும் நேரே தாக்காத இடமாகவும் இருக்கவேண்டும்.

இரண்டாவது, புகைக்குழாய். புகைக்குழாய் வைக்கும்படி அமைந்த கருவிக்கு, அதன் கையேட்டில் குறித்த அளவுள்ள உலோகக் குழாயையே வைத்து, வெட்டவெளிக்குக் கொண்டு செல்லவேண்டும். அடுக்கு வீடுகளில் குளியலறைகளுக்குப் பின்னே 'ஷாஃப்ட்' என்று ஒரு குறுகிய இடைவெளி விட்டிருப்பார்கள். அதற்குள் குழாயை நீட்டிவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று பலர் நினைக்கின்றனர். அந்தப் புகை மேல்மாடிக்காரரின் குளியலறைச் சாளரத்தில் நுழையும். நம் குழந்தையைக் காத்துக்கொண்டு பிறர் குழந்தைக்கு அனுப்புவது நியாயமாகாது. குழாயின் வாயில் கம்பி வலை இருப்பதும் அவசியம். இல்லையேல் டில்லிப் புறா வேனிற் காலத்தில் அங்கே கூடு கட்டிவிடும். மார்கழியில் நாம் அதைப் பாராமல் பற்றவைப்போம்.

மூன்றாவது, எக்ஸ்ஹாஸ்ட் விசிறி. குளியலறைக்குள் ஏற்கெனவே கீசரை மாட்டியவர்கள், "விசிறி ஓடுகிறதே, போதாதா?" என்கிறார்கள். போதாது. வெளிக்காற்று உள்ளே வரக் கதவின் கீழே வழியில்லாதபோது, அவ்விசிறி வேறெங்கும் காற்றுக் கிடைக்காமல் புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும். வெளியேற வேண்டிய புகை அறைக்குள் திரும்பிவிடும். உதவியென்று நினைத்தது உபத்திரவம் ஆகிவிடுகிறது.

நான்காவது, வாயு இணைப்பு. சமையல் சிலிண்டரின் குழாயை வெட்டி, நடுவே கிளை வைத்து, கீசருக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது கூடவே கூடாது. இணைப்புக் கொடுக்கு முன் உங்கள் கேஸ் ஏஜென்சிக்காரரைக் கலந்து, அவர்களுடைய மெக்கானிக்கைக் கொண்டே செய்யுங்கள். தரமுத்திரை உள்ள, எஃகுக் கம்பி உள்ளே வைத்த ஆரஞ்சு நிற ரப்பர்க் குழாயையே பயன்படுத்துங்கள். அதை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றவேண்டும். வெடிப்பு விட்டால் உடனே மாற்றவேண்டும். ரப்பர்க் குழாயைச் சுவருக்குள் நுழைத்துச் செல்லலாகாது. சிலிண்டரை நிமிர்ந்த நிலையில், வெயில் படாமல், சாக்கடைத் துவாரத்துக்கு அருகே இல்லாமல் வைக்கவேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் போய்த் தங்கும். இணைத்து முடித்ததும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கவேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவரை வீட்டுக்குள்ளே விடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்குக் குழாய் வழியே இயற்கை வாயு வருமானால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் தன்மையும் வேறு, அழுத்தமும் வேறு. சிலிண்டருக்கென்று செய்த கீசரை அப்படியே அதில் மாட்டுதல் தகாது. அதற்கென்றே செய்த கருவி வேண்டும். அல்லது முறைப்படி ஜெட்டை மாற்றித் தரவேண்டும்.

ஐந்தாவது, கருவியின் தேர்வு. சிலிண்டர் வாயுவில் இயங்கும் கீசர்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. அதன் எண் ஐ.எஸ். 15558. அந்த முத்திரை உள்ளதை வாங்குங்கள். சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு அதில் இருத்தல் வேண்டும். காற்றில் பிராணவாயு குறைந்தால் நின்றுவிடும் அமைப்பும் இருந்தால் இன்னும் நல்லது. சிலவற்றில் 20 நிமிஷத்தில் தானாக நின்றுவிடும் கடிகாரம் இருக்கும். ஆனால் இவையெல்லாம் இருக்கின்றன என்பதற்காகக் கருவியைக் குளியலறைக்குள் வைத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். அடைத்த அறையில் 20 நிமிஷத்துக்கு முன்பே மயக்கம் வந்துவிடலாம்.

மாட்ட வருபவர் இந்தி மட்டும் பேசுபவராக இருப்பார். புதிதாக வந்த நம் குடும்பத்துப் பெண்கள் அவரிடம் வாதாட மொழி தெரியாமல், அவர் காட்டிய இடத்துக்கே தலையசைத்துவிடுகிறார்கள். இரண்டே வாக்கியங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். "பாத்ரூம் கே பாஹர் லகாயியே", அதாவது குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். "துவா(ங்) பாஹர் ஜானா சாஹியே", அதாவது புகை வெளியே போகவேண்டும். இவ்விரண்டையும் சொல்லிவிட்டு, அவர் மறுத்தால் கூலியைக் கொடாமல் திருப்பி அனுப்புங்கள். சுவரில் துளையிட வீட்டுக்காரர் தடை சொன்னால் அவரிடமும் அஞ்சாது பேசுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது துளையை அடைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்துவிடலாம். துளையை அடைக்கச் சிறிது சிமெண்ட் போதும்.

வெளியே மாட்ட இடமே இல்லை என்றால்? அப்படியாயின் எங்கள் மறுமொழி தெளிவானது: கேஸ் கீசர் வேண்டாம். மின்சாரக் கம்பியைச் செப்பனிட்டு, 16 ஆம்பியர் இணைப்பும் நல்ல எர்த்தும் மின்கசிவைத் துண்டிக்கும் கருவியும் வைத்து, 2,000 வாட் மின்சார கீசரைப் போடுங்கள். அதற்கும் வழியில்லையேல், சமையலறைச் சாளரத்தைத் திறந்துவைத்து அடுப்பில் ஒரு குண்டான் நீரைக் காய்ச்சி, வாளியில் தண்ணீரோடு விளாவிக் குளியுங்கள். ஊரில் அப்படித்தானே குளித்தோம்! அது நமக்கு ஒரு குறைவன்று. கொதிநீரைத் தூக்கிச் செல்லும்போது குழந்தைகள் காலடியில் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே குளியலறைக்குள் மாட்டியிருப்பவர்கள் இந்த இதழைப் படித்த அன்றே ஒரு காரியம் செய்யவேண்டும். கருவியை வெளியே மாற்றும் வரை, கதவையும் சாளரத்தையும் திறந்துவைத்து வாளியில் வெந்நீரைப் பிடித்து, கீசரை அணைத்து, அறை காற்றாடிய பிறகே உள்ளே போய்க் குளியுங்கள். நெருப்பு எரியும்போது மனிதர் உள்ளே இருக்கலாகாது. உள்ளே இருப்பவர் தாழிடவும் வேண்டாம்; வாசலில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருப்பது தெரிந்துவிடும்.

சுடரை நாள்தோறும் பாருங்கள். நீலமாக எரிந்தால் நன்று. மஞ்சளாக எரிந்தாலும், கருவியின் மேலே கரி படிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். ஆனால் நீலச் சுடர் இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு அச்சமில்லை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த நஞ்சைக் கண்டறிவதற்குக் கானரிக் குருவியைக் கூண்டில் எடுத்துச் சென்றார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் விஞ்ஞானி சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் கூறிய யோசனை அது. மனிதன் உணருமுன் குருவி சோர்ந்து விழும். பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுவரை அவ்வழக்கம் இருந்தது. இக்காலத்தில் அந்தக் குருவியின் வேலையைச் செய்யச் சிறிய எச்சரிக்கைக் கருவிகள் விற்கின்றன. வீட்டில் வாயுவில் எரியும் எதுவாயினும் இருக்குமானால் ஒன்றை வாங்கிப் படுக்கையறைக்கு அருகே மாட்டிவையுங்கள். கடையில் கேட்கும்போது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி என்று தெளிவாகக் கேளுங்கள். சிலிண்டர் கசிவைக் காட்டும் கருவி வேறு. அது இந்த நஞ்சை அறியாது.

இனி, ஆபத்து நேர்ந்தால் செய்யவேண்டியது. குளித்துவிட்டு வருபவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கால் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், குறிப்பாக ஒரே வீட்டில் இருவருக்குத் தோன்றினால், அதை ஜலதோஷம் என்றோ பித்தம் என்றோ தள்ளிவிடாதீர்கள். குளியலறையில் வலிப்பு வந்ததென்று காக்காய் வலிப்புக்கு மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. பிறகு காரணம் கீசர்தான் என்று தெரிந்திருக்கிறது. நம் நாட்டு மருத்துவர்கள் இதற்குக் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

மயங்கியவரை முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். கதவுகளைத் திறந்துவிட்டு, வாயுவை நிறுத்துங்கள். காப்பாற்றப் போனவர் உள்ளே நின்றுகொண்டிருக்கவேண்டாம். 112-க்குத் தொலைபேசி செய்யுங்கள். மருத்துவரிடம் 'கேஸ் கீசர்' என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பாதீர்கள். நஞ்சு பற்றிய இரத்தத்தையும் அது பிராணவாயு பற்றிய இரத்தமென்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும். இரத்தப் பரிசோதனையே உண்மையைச் சொல்லும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறைவதற்கு 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வைத்துத் தூய பிராணவாயு கொடுத்தால் 1 முதல் 1½ மணி நேரத்தில் குறைந்துவிடும். ஆகையால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாகாது. கர்ப்பிணிகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லவேண்டும். வயிற்றிலுள்ள சிசுவுக்கு ஆபத்து அதிகம். குணமானவருக்கும் சில வாரங்கள் கழித்து மறதியோ தடுமாற்றமோ தோன்றினால் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாயுக் கசிவு நாற்றம் வந்தாலோ செய்யவேண்டியது வேறு. மின்விசையைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பின் 1906 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். அது இரவும் பகலும் இயங்கும் எண்.

நம் சங்கத்து முதியோரில் பலர் இந்தக் குளிருக்குப் பின் அமெரிக்காவிலுள்ள மக்கள் வீட்டுக்குப் புறப்படுவார்கள். அங்கே சில வீடுகளில் துணி உலர்த்தும் பெட்டியும் வாயுவில்தான் எரிகிறது. அதற்கும் இதே சட்டம்தான். அதன் பின்னே 4 அங்குல விட்டமுள்ள உலோகக் குழாய் ஒன்று வெளிச்சுவர் வரை செல்லவேண்டும். துணியிலிருந்து உதிரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் வலையிலிருந்து எடுத்துவிடவேண்டும். பஞ்சு அடைத்தால் தீயும் பற்றும், நஞ்சும் உள்ளே திரும்பும். பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தால் மாப்பிள்ளையிடமோ மகனிடமோ சொல்லி மாற்றச் செய்யுங்கள். ஊர் வேறு, யந்திரம் வேறு; நெருப்பின் குணம் ஒன்றே.

எங்கள் வீட்டுக் கீசர் இப்பொழுது பின்புறத் திறந்த பால்கனியில் இருக்கிறது. சுவரில் துளையிடச் செலவானது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மிச்சம் பிடித்ததாக மகிழ்ந்த அதே தொகைதான். குளியலறைத் தாழ்ப்பாளைத் திரும்பப் போடவில்லை. இவ்வாண்டுப் பொங்கலுக்கு யார் முதலில் குளிப்பது என்று கேட்டோம். "எல்லோருக்கும் முன்னால் நான்" என்றாள் பேத்தி. தலைவலி என்று குழந்தை சொன்னால் இனி முதலில் நம்புவது, கேலி செய்வது பிறகு என்று வீட்டில் தீர்மானம் செய்திருக்கிறோம்.

கடிதம் எழுதிய சகோதரி தம் வீட்டில் எவ்விடத்தில் மாட்டினார் என்பதை அடுத்த இதழுக்குள் ஒரு வரி எழுதித் தெரிவிப்பாராக. மற்ற சகோதர சகோதரிகளும் இன்றிரவே தம் வீட்டுக் குளியலறைச் சுவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்ப்பார்களாக. எல்லோருடைய வீட்டிலும் பால் பொங்கும் வேளையில் எல்லோரும் கூடி நிற்கவேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை.